உப்புப் பார்த்தவன்

ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலின் பின்சமையலறை. நவம்பர் மாதம்; நாலு மணிக்கு முன்பே யன்னல் கறுத்துக்கொண்டு வருகிறது. நோன்பிருக்கிற காம்பியாக்காரி பிந்தா, தண்ணீர் தெளித்துக் கையால் உருட்டிய கம்புமாவை அவித்து இறக்குகிறாள். பார்த்தால் எங்கள் பிட்டுத்தான். பக்கத்து அடுப்பில் நிலக்கடலைக் குழம்பு கொதிக்கிறது. நோன்பு திறக்கும்வரை அவள் அதை வாயில் வைக்க முடியாது. கோப்பை கழுவுகிற குணசீலனிடம் ஒரு கரண்டி குழம்பை நீட்டி, "உப்புப் பார்த்துச் சொல்" என்கிறாள். நாள் முழுக்க ஊரார் எச்சிலில் ஊறுகிற கை, அதை வாங்கி, அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் தொட்டிக்குள் சத்தமில்லாமல் ஊற்றுகிறது. "அளவாய் இருக்கு" என்கிறான்.

"ஏன் அண்ணை, அவள் சமைச்சது உங்கடை வாய்க்குள்ள போகாதோ?" வெங்காயம் வெட்டுகிற தவராணி தமிழில் கேட்கிறாள்.

"நீ உன்ரை வேலையைப் பார்."

நேரமாகிறது. பிந்தாவும் சலவைப்பகுதி ஆட்கள் இருவரும் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, ஒரே தட்டில் கைவைக்கிறார்கள். முதல் வாயிலேயே மூவரும் மெல்லுவதை நிறுத்துகிறார்கள். குழம்பில் உப்பே இல்லை. பிந்தா குணசீலனை நிமிர்ந்து பார்க்கிறாள். கோபம் இல்லை. "உனக்குப் பிரஷரா? என் அப்பாவுக்கும் உப்பு ஆகாது" என்கிறாள். தவராணியின் கத்தி நிற்கிறது. அவன் ஆமென்று தலையாட்டுகிறான்.

அவனுக்கென்று ஒரு கிண்ணம் தனியே அள்ளி வைத்துவிட்டுத்தான் மீதிக்கு உப்புப் போட்டுக் கிளறுகிறாள். பிறகு அதைக் கொண்டுவந்து, அவன் ஈரக்கையைத் துடைத்து முடிக்கும்வரை, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள்.