இரண்டாவது போர்ட்

மேலாளர் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் மின்வயரைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஸ்விட்ச் செத்தாலும் உங்க வேலை ஒரு நொடிகூட நிக்காது. பாருங்க."

பிடுங்கு, என்று மனதுக்குள் சொன்னேன்.

இதைப் பார்க்கத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.

அறையில் நான்கு சேமிப்பு சர்வர்கள்; அவற்றை இணைக்க மேலும் கீழுமாக இரண்டு ஸ்விட்ச்கள். ஒவ்வொன்றிலும் தரவுக்கென்றே கேபிள் சொருகும் இரண்டு போர்ட்களைத் தனியாக ஒதுக்கியிருந்தேன். வேறெந்த நெட்வொர்க் போக்குவரத்தும் அவற்றில் நுழையாது. ஒரு போர்ட்டின் கேபிள் மேல் ஸ்விட்ச்சுக்கும், மற்றதன் கேபிள் கீழ் ஸ்விட்ச்சுக்கும் போக வேண்டும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும்.

நேற்று எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, இரண்டாவது போர்ட்டின் கேபிள்களையும் மேல் ஸ்விட்ச்சிலேயே சொருகிவிட்டேன். கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. மேல் ஸ்விட்ச் அணையும்வரை அப்படித்தான் இருக்கும்.

அண்ணனுக்கு நடந்தது இதேதான்.

இதே அறை, இதே சோதனை, வேறு வாடிக்கையாளர்கள். சர்வர்கள் மொத்தமாகப் படுத்துவிட்டன. திறந்து பார்த்தால் எல்லா கேபிளும் ஒரே ஸ்விட்ச்சில். சொருகியவன் அண்ணன். அத்தனை பேர் முன்னாலும் மேலாளர் அவனை வெளியே போகச் சொன்னார்.

"நான் சரியாத்தான் சொருகினேன்" என்று அண்ணன் சொன்னதை நான் ஒருத்திதான் நம்பினேன். பிறகு அவனை எங்கேயும் வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது வீட்டில் பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறான்.

மேலாளர் எதையோ சொதப்பிவிட்டுப் பழியை அண்ணன் தலையில் கட்டிவிட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நான் அவன் தங்கை என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

மேலாளர் வயரைப் பிடுங்கினார். மேல் ஸ்விட்ச்சின் விளக்குகள் அணைந்தன.

திரையில் தரவு ஓட்டத்தைக் காட்டும் கோடு ஒருமுறை தாழ்ந்தது. மறுபடி எழுந்து ஓடியது.

எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் என் பக்கம் திரும்பி, "சபாஷ்மா!" என்றார். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

பக்கத்தில் ஒல்லி நின்றிருந்தான். கேபிள் வேலை இப்போது அவனுடையது. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். குனிந்து என் காதருகே சொன்னான்:

"நீங்க மாத்தி வச்சதைக் காலையில நான் பழையபடி சொருகிட்டேன்க்கா."

சட்டென்று மேலாளர் பக்கம் பார்த்தேன்.

"பயப்படாதீங்க, யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். அந்தாளைக் கண்டா எனக்கும்தான் பத்திக்கிட்டு வருது. ஆனா இதுல அவர் விழமாட்டார்க்கா. கேபிளைத் தொட்டவன்தான் விழுவான். இன்னிக்கு நான் விழுந்திருப்பேன்."

அவனை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஒல்லி கைதட்டிக்கொண்டே, மேலாளர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"நேத்து டீக்கு வராதது நீங்க மட்டும்தான். அவரைக் கவுக்கணும்னு முன்னாடி ஒருதடவை நானும் இதையேதான் பண்ணேன். பாவம், வேற ஒரு அண்ணன் மாட்டிக்கிட்டார். நல்ல மனுஷன். அவர் பேரு… நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது."

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பெயரை நான் எடுத்துக்கொடுக்கவில்லை.