மறுக்கக் கூடாத காணிக்கை

தோராகிச்சிக் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் வந்து நின்ற இரண்டு சைக்கிள்களையும் வெள்ளை அங்கிகளையும் பார்த்ததும், வலை பின்னுவதை அப்படியே போட்டுவிட்டு இடுப்பு வளையக் கும்பிட்டார்.

"வாங்க சாமி. நம்ம வீட்டுக் காணிக்கையை ஏத்துக்கிடணும்."

ஷிகோகுத் தீவின் எங்கள் தென்கரையில், வெள்ளை அங்கி போட்டவர் எண்பத்தெட்டுக் கோயில் சுற்றும் யாத்திரிகர். ஊர் அவருக்குச் சோறு போடும், படுக்க இடம் தரும். கொடுப்பதை அவர் மறுக்கக் கூடாது. மறுத்தால் அவர் யாத்திரிகர் இல்லை.

ஹிரோமிச்சியும் அவன் மனைவி சயோகோவும் ஒரு கோயிலின் நிழலில்கூட நின்றதில்லை. ஒசாகாவிலிருந்து வந்து, மூன்று வாரம் கடலோரமாகச் சைக்கிளில் நிதானமாக ஊர் பார்க்கிறவர்கள். அங்கி, தீவுக்கு வந்த முதல் நாளே கப்பலடிக் கடையில் வாங்கியது. அன்றிலிருந்து ஒருவேளைச் சோறுகூட அவர்கள் சொந்தமாகத் தேடிக்கொள்ளவில்லை. மீன்பிடிக்கிற ஆட்களுக்கு மூளையும் மீன் அளவுதான் என்பது ஹிரோமிச்சியின் ஆராய்ச்சி முடிவு.

கிழவர் ஆளுக்கு இரண்டு சோற்றுருண்டை கொடுத்தார். பதிலுக்கு யாத்திரிகர் தரவேண்டிய பெயர்ச்சீட்டுக்குக் கையை நீட்டினார்.

"சீட்டு நேத்துக் கோயில்லயே தீர்ந்துபோச்சு தாத்தா," என்றான் ஹிரோமிச்சி.

"இதுக்கு முந்தின கோயிலா? அங்க படி ரொம்பச் செங்குத்தாச்சே, சாமி."

"ஏன் கேக்கறீங்க, அதுல ஏறித்தான் என் முட்டியே போச்சு," என்று சயோகோ முட்டியைத் தடவிக் காட்டினாள்.

கிழவரின் கண்ணில் இன்னும் கொஞ்சம் நீர் கோத்தது. உள்ளே போனவர் திரும்பிவரச் சற்று நேரமாயிற்று. வரும்போது ஒரு மூட்டை பம்பளிமாஸ் பழத்தோடு வந்தார்.

"இதையும் ஏத்துக்கிடணும்."

மூட்டையைச் சைக்கிளின் பின்னால் ஏற்றி அவரே கட்டினார். மீனவர் முடிச்சு. கத்தி இல்லாமல் அதை அவிழ்க்கக்கூடிய வெளியூர்க்காரன் இன்னும் பிறக்கவில்லை.

"லூசுக் கிழவன்," என்றான் ஹிரோமிச்சி மிதித்துக்கொண்டே. "அந்த வளைவு தாண்டினதும் கயித்தை அறுத்துத் தள்ளிடலாம்."

வளைவைத் தாண்டினால் ஒரு பாட்டி களை பறித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கும்பிட்டாள். அடுத்த வளைவில் கடற்பாசி உலர்த்துகிறவர் கும்பிட்டார். அதற்கடுத்த வளைவில் தபால்காரர் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார். அன்றைக்குக் கும்பிட ஆளில்லாத வளைவே எங்கள் கரையில் இல்லை.

அடுத்த ஊரில் செய்கிச்சி என்பவர் சாலையிலேயே காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பரங்கிக்காய், அடியில் கயிறுகூடத் தயாராகக் கோத்திருந்தது. அவர் சொன்னதால்தான் அவை பரங்கிக்காய். போன வருடம் அதில் ஒன்றைப் பாறை என்று நினைத்து ஒரு படகு சுற்றிக்கொண்டு போனது.

"வேண்டாம்னு சொல்லித் தொலைங்களேன்," என்று சயோகோ பல்லைக் கடித்தாள்.

"சொன்னா? நாம வேஷம்னு பொழுது சாயறதுக்குள்ள கரை பூராத் தெரிஞ்சிடும். அப்புறம் கடல்முனையில இருக்கிற அந்த யாத்திரிகர் விடுதிக்காரன் நம்மள வாசப்படி ஏத்துவானா? வெந்நீர்க் குளியல், சுட்ட மீன், கடலைப் பாத்த அறை எல்லாம் போச்சு. பாக்கி ரெண்டு வாரமும் பட்டினிதான். அஞ்சு மணிக்குக் கதவடைச்சிடுவான், பேசாம மிதி."

"நான் மிதிக்கறேன். நீங்கதான் தள்ளிக்கிட்டு வர்றீங்க."

உண்மைதான். பரங்கிக்காய் ஏறியதும் ஹிரோமிச்சியின் முன்சக்கரம் தரையைத் தொடவே மறுத்தது.

மூன்றாவது ஊரில் உமேயோ என்ற அம்மாள் வாசலில் முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டி ஒன்றை மூடி, அதன்மேல் அமுக்குக் கல்லையும் வைத்து நின்றிருந்தாள்.

"ஊறுகாய் மட்டும் போதுமே, அம்மா," என்றான் ஹிரோமிச்சி. குரலில் பக்தி கொஞ்சம் குறைந்திருந்தது.

"கல்லு இல்லாட்டி கெட்டுப்போயிடும், சாமி. தங்கச்சிக்கு முட்டி வலியாச்சேன்னு சின்னக் கல்லாத்தான் எடுத்து வச்சேன்."

அந்தச் சின்னக் கல்லைத் தூக்க அவளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர வேண்டியிருந்தது. அதைச் சயோகோவின் சைக்கிளில் கட்டினார்கள்.

"பாத்தீங்களா, என் வலி முகத்துலயே தெரியுது," என்று சயோகோ கணவனிடம் முணுமுணுத்தாள். "முட்டாளா இருந்தாலும் மனசு நல்ல மனசு."

மணி நாலேகால். முனைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஊர், துறைமுகம். பத்து நிமிட வழிதான். இரண்டு பேரும் சைக்கிளின் கைப்பிடியில் நெஞ்சைக் கொடுத்து, வண்டி மாடுகளைப் போல மேட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளை அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர்களை முந்திக்கொண்டு ஒரு நத்தை போனதாகச் சொல்கிறார்கள். அதை நான் நம்பவில்லை, இரண்டு நத்தை.

அவர்கள் வளைவில் மறையும்வரை உமேயோ அம்மாள் குனிந்த தலை நிமிராமல் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு உள்ளே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்தாள்.

"துறைமுகமா? ஆமா, தோராகிச்சி அண்ணன் சொன்னவங்கதான். படியே இல்லாத கோயில்ல படி ஏறி முட்டி போனவங்க. இப்பத்தான் கிளம்பினாங்க... அந்தப் பழைய நங்கூரத்தைத் துடைச்சு வை."