நாலு வருடப் போர்

“உங்கடை ஆக்களுக்கு வெக்கமில்லையோ? நாலு வருசமாய் ஒரு பாலத்தைத் தாண்டேலாமல் நிக்கினம்,” என்று கத்தினாள் பத்மாசினி.

“உன்ரை ஆக்கள் மட்டும் வெட்டி விழுத்திப்போட்டினமாக்கும்.” குகதாசன் தேநீர்க் கோப்பையை மேசையில் அடித்து வைத்தார்.

எங்கோ இரு வல்லரசுகள் மோதத் தொடங்கிய நாளிலிருந்து கனடாவின் அந்த ஸ்காபரோ வீட்டில் கணவன் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம்.

பக்கத்து நகரான விட்பியிலிருந்து மகள் நிலாணி அழைத்தாள். குகதாசன் போனோடு கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“அப்பா, சண்டை முடிஞ்சுதாம். நேற்றே சைன் பண்ணிட்டினம்.”

“தெரியும். கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை. தன்ரை தம்பியின்ரை கலியாணத்துக்கு நான் வரேல்லையெண்டு பத்து வருசம் முகம் குடுத்துக் கதைக்காதவள். இந்தச் சண்டை தொடங்கின பிறகுதான் வாய் திறந்தவள்.”



“காலமை அம்மாவும் போன் எடுத்தவா, அப்பா. உங்களுக்குச் சொல்லிப்போடாதையாம்.”