முதல் குளியல்

அந்தி மங்குகிறது. பவர் டில்லரை நிறுத்திவிட்டு, சேறு படிந்த கால்களோடு முற்றத்துக்கு வருகிறாள் ஃபுமியே. கணவன் டோக்கியோவில் சுரங்க ரயிலுக்குப் பாதை தோண்டப் போனதிலிருந்து வயல் அவள் கையில்தான். குளியலறைச் சுவருக்கு வெளியே, தொட்டி நீரைச் சூடாக்கும் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறார் மாமனார் தொராகிச்சி. வீட்டில் எல்லோருக்கும் ஒரே தொட்டி நீர்; ஆண்கள் முதலில், மருமகள் கடைசியில். "நீ முதல்ல இறங்கும்மா," என்கிறார். "நீங்க இன்னும் குளிக்கலையே மாமா?" "வயல்ல நின்னது நானா? ஆறுறதுக்குள்ள போ." அவர் முகம் தீயின் பக்கமே இருக்கிறது. உள்ளே அவள் தொட்டியின் மூடியைத் தூக்குகிறாள். ஆவி விலக, விளக்கு வெளிச்சத்தில் அடிப்பலகை பளிச்சென்று தெரிகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கலங்கிய நீரையே பார்த்தவள் அவள். "சூடு போதுமா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறார். "ரொம்ப நல்லா இருக்கு மாமா," என்கிறாள், இன்னும் நீரில் கால் வைக்காமலே.