எழுத்தில் வரும் பதில்
குறிஞ்சாக்கேணிப் படகுத்துறையில் வெயில் ஏறுகிறது. நாடாளுமன்றக் குழுவில் மூன்று முறை கேட்ட கேள்வியை, பார்வையிட வந்த அதிகாரியிடம் உறுப்பினர் பாக்கியரத்தினம் நான்காம் முறையாகக் கேட்கிறார்: "இந்த ஓட்டைப் படகை எப்ப மாத்துவியள்?" "பதில் எழுத்தில வரும், ஐயா." "மூண்டு பதில் வந்திட்டுது. மூண்டிலயும் 'கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' எண்டுதான் கிடக்கு!" அக்கரையில், பிரசவ வலியில் துடிக்கும் அசனாவைக் கட்டிலோடு தூக்கிவந்தவர்கள் துவாய்த் துண்டை வீசிக் கூப்பிடுகிறார்கள். படகுக்காரர் ஜமால்தீன் தகரப்பேணியால் தண்ணீரை இறைத்தபடி சொல்கிறார்: "அந்தக் கடிதங்களத் தாங்க, எம்.பி. ஐயா, ஓட்டைக்குள்ள அடைப்பம்." பாக்கியரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிப் படகில் இறங்கி, இன்னொரு பேணியை எடுக்கிறார். கரையில் நின்ற அதிகாரி மெல்லச் சப்பாத்தைக் கழற்றுகிறார். "தள்ளி இருங்கோ ஐயா, நானும் இறைக்கிறன்." இன்னும் நாலு வார்த்தை கேட்க வாய் திறந்த பாக்கியரத்தினம், அவற்றை விழுங்கிக்கொண்டு இடம் விடுகிறார். படகு அசனாவை நோக்கி நகர்கிறது.