இரண்டாம் பாதி சுலபம்

பத்து நிமிட இடைவேளை. தேர்வறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து, பிஸ்கட் தின்றபடி, வெளிநாட்டுக் கல்லூரியில் ஜன்னலோரம் உட்காருவதா, மின்விசிறிக்குக் கீழா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலப் பகுதி முடிந்திருந்தது. முதல் பாதி கொஞ்சம் முரண்டு பிடித்தது, உண்மைதான். ஆனால் இரண்டாம் பாதி வெண்ணெய். ஏழு நிமிடம் மிச்சம் வைத்து முடித்துவிட்டு, மற்றவர்கள் திரையோடு மல்லுக்கட்டுவதைக் கருணையோடு பார்த்தேன்.

எனக்கு வயது இருபத்து நான்கு. செல்போன் பழுது பார்க்கிறேன். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிவதற்குள் நடக்கிற கடைசித் தேர்வு இதுதான். கோட்டை விட்டால் அடுத்த வருடமும் அடுத்தவர் உடைத்த திரைகள்தான்.

நான் கோட்டை விடுகிற ஆளா? பழைய புத்தகக் கடையில் வாங்கிய தலையணை அளவு வழிகாட்டியைக் கரைத்துக் குடித்திருந்தேன். காகிதத்தில் தேர்வு எழுதிய காலத்துப் புத்தகம். அதனாலென்ன, கேள்வி கேள்விதானே.

பக்கத்தில் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது இருக்கும்.

"ரெண்டாவது பாதி ஒண்ணுமே புரியலண்ணா. கண்ணை மூடிட்டு அடிச்சேன்."

மனசு கேட்கவில்லை. பிஸ்கட்டை நீட்டினேன்.

"அழாதம்மா. எனக்கு ரொம்ப ஈஸியா இருந்துச்சு. வேணும்னா அப்புறம் சொல்லித் தர்றேன்."

அழுகை சட்டென்று நின்றது. என் ஆறுதலின் மகிமை என்று நினைத்தேன்.

"ஈஸியாவா? அப்போ எங்க கிளாஸ்ல சொன்னது நிஜம்தான்! முதல் பாதி நல்லா பண்ணவங்களுக்குத்தான் ரெண்டாவது பாதியில கம்ப்யூட்டர் கஷ்டமானதைக் குடுக்குமாம். சொதப்புனவங்களுக்கு..."

மிச்சத்தை விழுங்கிவிட்டாள். நல்ல பிள்ளை. பிஸ்கட்டையும் என் பக்கமே தள்ளினாள்.

"நீங்களே சாப்பிடுங்கண்ணா."

மணி அடித்தது. அடுத்தது கணக்கு. அதிலும் இரண்டு பாதிகள். கல்லூரி கேட்பது மொத்த மதிப்பெண். ஆங்கிலத்தில் சரிந்ததைக் கணக்கில் தூக்கி நிறுத்த இன்னும் வழி இருந்தது.

முதல் பாதியை, மதர்போர்டில் தலைமுடி அளவு வயரைச் சால்டர் வைக்கிற நிதானத்தோடு செய்தேன். ஒவ்வொரு விடையையும் இரண்டு முறை சரிபார்த்தேன். மற்றவர்களைக் கருணையோடு பார்க்க ஒரு நொடிகூட மிச்சம் வைக்கவில்லை.

இரண்டாம் பாதி திறந்தது.

முதல் கேள்வியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

கண்காணிப்பாளர் என் அருகில் வந்து குனிந்து, எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.