மட்டம் தட்டல்

"கோவிச்சுக்காதீங்கம்மா, இவ்வளவு நல்லா எழுத உங்களுக்கு வராது. எங்கிருந்து சுட்டீங்க?" பதிப்பாசிரியர் தாள்கட்டை மேசையில் போட்டார்.

அது அவள் மொழிபெயர்த்த ஸ்பானிய மொழி உளவியல் நூல். ஒருவருடைய சுயமதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் நடத்தைகளுக்கு அதில் ஒரு கலைச்சொல் இருந்தது. அவள் அதை 'மட்டம் தட்டல்' என்று தமிழாக்கி, நூலாசிரியரின் சம்மதத்தோடு உதாரணங்களையும் நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றியிருந்தாள்.

"சொல் சரி. உதாரணம்தான் உதைக்குது. 'பரவாயில்ல, உங்க அளவுக்கு இது நல்லாவே இருக்கு.' 'உங்களுக்கு எதுக்குச் சிரமம், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடலாம்.' படிச்சாலே சுருக்குனு தைக்குது. இது கற்பனையில வராது."

"கற்பனை இல்ல சார்."

"அப்போ வேற யாரோட புத்தகம்?"

"புத்தகமும் இல்ல. ஒருத்தர் பேசினது. ஒரு எழுத்துகூட மாத்தல."

"அதானே! எல்லாமே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு பார்த்தேன்." அவர் கண்கள் இடுங்கின. "யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"ஐயோ, அவர் வாயில்லாப் பூச்சி சார்."

"யாரா வேணா இருக்கட்டும். புத்தகம் வந்தப்புறம் அந்த ஆள் வந்து என் சட்டையைப் பிடிச்சா யார் பதில் சொல்றது? ஒரு வார்த்தை அனுமதி கேட்டீங்களா?"

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் பக்கம் நீட்டினாள்.

"அதுக்குத்தான் சார் உங்ககிட்ட வந்திருக்கேன்."